என் ஆளு என்று எழுந்து போனவளுக்கு

தம்பி கொடுத்தனுப்பிய கேரியரை நேற்று மத்தியானத்திலிருந்து நான் கழுவவில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மூடியபடியே கிடக்கிறது. மூடியிருந்தும் புதினாவும் நெய்யும் கலந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. உனக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. ஆபீசில் என் கேரியர் திறக்கிற சத்தம் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் தட்டோடு வந்து நிற்பவள் நீ. “உன் தம்பி கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி” என்பாய். காப்பு போட்டாயோ இல்லையோ, எனக்கென்று ஒரு கறித்துண்டு மிச்சம் வைத்ததில்லை.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றிய நாட்கள் பல உண்டு. பேசாவிட்டால் தாங்காது என்று பட்டது நேற்றுதான். வேறு யாரிடம் சொன்னாலும் தப்பாகவே போய் முடிகிறது.

நேற்று சோற்றில் கை வைத்திருந்தபோது நம் பேப்பரின் ஆனேக்கல் நிருபர் முனிராஜுவிடமிருந்து செய்தி வந்தது. பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில் ஒரு பெண்கள் விடுதி. அங்கே இருப்பவர்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள், பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பலருக்கு வாந்தி பேதியாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கடைசி வரியில் விடுதிக்குச் சமைத்துப் போடும் ஒப்பந்ததாரரின் பெயர் இருந்தது. என் தம்பியின் பெயர். வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்த அதே சமையற்கட்டுதானே எனக்கும் சமைத்தது.

செய்தியின் அடியில் முனிராஜு ஒரு வரி சேர்த்திருந்தார். “மேடம், நீங்க பாத்துக்குங்க.”

நீ இருந்திருந்தால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. “என் ஆளுடி” என்று சொல்லி, அந்தத் தாளை உன் மேசைக்குத் தள்ளிவிட்டு, கீழே டீக்கடைக்குப் போயிருப்பேன். நீ ஆரம்பித்த பழக்கம்தானே அது. சொந்தக்காரரோ, வீட்டுக்காரரோ, சீட்டு கட்டுகிற இடத்துக்காரரோ, யார் பற்றிய செய்தி உன் கைக்கு வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாய். பக்கம் அச்சுக்குப் போகிறவரை திரும்பி வர மாட்டாய். நல்ல செய்திக்கும் அப்படித்தான். உன் அக்கா மகள் மாநில அளவில் கபடியில் ஜெயித்தபோதுகூட எழுந்து போய்விட்டாய். நான்தான் அதைப் போட்டேன். சின்னதாகப் போட்டேன் என்று அவள் உன்னிடம் கோபித்துக்கொண்டாள்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தங்கவயலில் உன் மாமா பையன் குடித்துவிட்டு ஆட்டோவைக் கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் மோதிய செய்தி. யாருக்கும் அடியில்லை. வேறு யாராக இருந்தாலும் நாலு வரியில் முடித்திருப்பாய். உறவை மறைத்தாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்ற பயத்தில் போட்டோ, அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சேர்த்துப் பக்கத்தின் தலையில் வைத்தாய். நான் அப்போதே சண்டை போட்டேன், நீ கேட்கவில்லை. இரண்டாம் நாள் உன் மாமா மாரிக்குப்பம் ரயிலில் ஏறி நேராக ஆபீசுக்கு வந்துவிட்டார். சுரங்கத்தில் வேலை செய்த மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

“எங்க ஊர்ல தெனம் எவனாவது குடிச்சிட்டு எதுலயாவது முட்டிக்கிறான். எம்புள்ள மட்டும் போட்டாவோட வந்தது எப்டிமா? எங்க வீட்டுப் பொண்ணு பேப்பர்ல இருக்கறதாலயா?”

அவர் போன பிறகு அந்தப் பேப்பரை எடுத்து மடித்து வைத்தாய். “பாசத்துல குறைச்சாலும் பொய், பயத்துல கூட்டுனாலும் பொய். நான் தொடவே கூடாதுடி” என்றாய். அன்றைக்குத்தான் முதல் தடவை எழுந்தாய் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நம் செய்தி டெஸ்கில் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது.

அதனால் வந்த கூத்தும் உண்டு. கால்வாயை மறித்துக் கட்டிய அந்தக் கல்யாண மண்டபச் செய்தி நினைவிருக்கிறதா? உன் சித்தப்பா அங்கே மேனேஜர். என் கல்யாணம் அங்கேதான் நடந்தது, வாடகையில் சலுகை வேறு. அடுத்தவருக்கு ஓனர் பங்காளி, அதற்கடுத்தவர் ஓனரிடம் கடன்பட்டவர். தாள் மேசை மேசையாகச் சுற்றி, கடைசியில் பக்கம் வடிவமைக்கும் மலையாளியிடம் போய் நின்றது. “எனக்கு இந்த ஊர்ல ஹவுஸ் ஓனரைத் தவிர ஆரையும் தெரியாது சேச்சி” என்று சொல்லிவிட்டு அவர் எழுதினார். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, மற்றபடி செய்தி சுத்தம். நாம் அத்தனை பேரும் டீக்கடை வாசலில் வரிசையாக நின்றதைப் பார்த்து ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். “ஊர்ல இருக்கறவன் எல்லாம் உங்க ஆளுதான். அப்போ பேப்பர யாரு போடறது?” என்று கேட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி வருவதே தெரிந்தவர்கள் வழியாகத்தான். யாரையும் தெரியாதவனுக்கு யாரும் போன் செய்து எதையும் சொல்ல மாட்டார்கள். அவர் கேள்வி இப்போது எனக்குத்தான் பொருந்துகிறது. ஆபீசை மூடிவிட்டார்கள். பெங்களூர்ப் பக்கங்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஆள் நான். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில், இதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் முடித்து அனுப்புகிறேன். எழுந்து போனால் நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

நேற்று என் கை என்ன செய்தது தெரியுமா? முதலில் பெயரை எடுத்தது. காரணமும் தயாராக இருந்தது. போலீஸ் இன்னும் வழக்குப் பதியவில்லை, பெயரைப் போடுவது முறையில்லை. ரொம்பச் சரியான காரணம். ஆனால் போன மாதம் வேறொரு விடுதியில் இதே மாதிரி நடந்தபோது வழக்குக்குக் காத்திராமல் பெயரைப் போட்டவளும் நான்தான். வெட்கமாகிப் பெயரைத் திரும்ப வைத்தேன். வைத்த வேகத்தில் தலைப்பை ‘விஷச் சாப்பாடு’ என்று மாற்றினேன். உன் மாமா வாசலில் வந்து நின்றது போல் இருந்தது. அதையும் அழித்தேன். சாயங்காலம் வரைக்கும் இதேதான். ஒரு பக்கம் தம்பி, அவனோடு இருக்கிற அம்மா. இன்னொரு பக்கம் முகம் தெரியாத பிள்ளைகள். நடுவில் நான், என் நல்ல பெயரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

கடைசியில் முனிராஜுவைக் கூப்பிட்டு, ஒப்பந்ததாரர் என் தம்பி என்றேன்.

“தெரியும் மேடம்” என்றார். “அதனாலதான் உங்களுக்கே அனுப்புனேன். அவரு நமக்கு ஆயுத பூஜைக்கு விளம்பரம் குடுக்கறவரு, என் கமிஷன் அதுல இருக்கு. அனுப்பலன்னா நாளைக்கி யாராச்சும் கேப்பாங்க. அனுப்பியாச்சு, மேடம் போடலன்னு சொல்லிக்கலாம்ல? ஏனு மாடோது மேடம், என்ன பண்றது, பொழப்பு.”

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. செய்தி கொண்டுவருகிறவரையே விளம்பரமும் கொண்டுவரச் சொல்லி, மாதச் சம்பளமும் கொடுக்காமல் வைத்திருப்பது நம் நிர்வாகம்தான். ஆனால் ஒளிந்துகொள்ள அவருக்கு நான் கிடைத்தேன். எனக்கு யார்?

ஓசூர்ப் பதிப்பில் ஒருவர் இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். பக்கம் முடிக்க நேரம் நெருங்கிவிட்டது. செய்தியை முனிராஜு எழுதியபடியே அவருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். “சார், இந்த ஒப்பந்ததாரர் என் தம்பி. நான் இதைத் தொடக் கூடாது. நீங்க எடுத்துக்குங்க” என்றேன்.

அவர் குரல் குழைந்தது. “அய்யோ, இத சொல்லணுமா மேடம்? புரிஞ்சிது. நான் பாத்துக்கறேன்.”

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் டெஸ்கில் ‘என் ஆளு’ என்றால் ‘என்னை நம்பாதே’ என்று அர்த்தம். வெளியே எங்கே போய்ச் சொன்னாலும் அது சிபாரிசு. திரும்பக் கூப்பிட்டேன். “சார், தெரியாதவங்க பேரா இருந்தா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க.” அவர் சிரித்தார். “அதான் புரிஞ்சிதுன்னேனே மேடம், நிம்மதியா இருங்க.” ‘பெயரைப் போடுங்கள்’ என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் அது நானே தொட்டதாகாதா? நீ உன் மாமா பையனுக்குச் செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். சரியாகத்தான் நிறுத்தினேனா என்று இப்போதும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பியே கூப்பிட்டான். “அக்கா, பேப்பர்ல வருமா?”

“தெரியலடா.”

“நீ அங்க உக்காந்துட்டு தெரியலன்றியே.”

“பொண்ணுங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன். மத்தியானத்திலிருந்து அப்போதுதான் அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. “நெறைய பேர அனுப்பிட்டாங்கக்கா. ஒரு பொண்ணு மட்டும் ஐசியூல. அவங்கப்பா தர்மபுரிலேர்ந்து காலைல வராரு” என்றான். குரல் உடைந்திருந்தது. அவன் கெட்டவன் இல்லை, அது உனக்குத் தெரியும். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இது இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

இன்று காலை பேப்பர் வந்தது. செய்தி இருந்தது. ‘தனியார் ஒப்பந்ததாரர் ஒருவர்’ என்று இருந்தது. உணவுதான் காரணமா, தண்ணீர் காரணமா என்று விசாரிக்கிறார்கள் என்று முனிராஜு எழுதாத ஒரு வரியும் இருந்தது. ஓசூர்க்காரர் “ஓகேவா மேடம்?” என்று அனுப்பியிருந்தார். தம்பியிடமிருந்து “தேங்க்ஸ்க்கா.” நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று அவனுக்கு எழுதினேன். “தெரியும்க்கா, நீ சொல்லிக்க மாட்ட” என்று பதில் வந்தது, கூடவே கும்பிடும் கை. அம்மா போன் செய்து, கூடப்பிறந்தவள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அழுதாள்.

அந்தப் பெண்ணின் அப்பா தர்மபுரியிலிருந்து பஸ் ஏறியிருப்பார். ஓசூரில் இறங்கும்போது பஸ் நிலையத்தில் நம் பேப்பரை வாங்கியிருப்பார். தமிழில் அந்தச் செய்தி வேறெங்கே வரப்போகிறது? மகளுக்குச் சோறு போட்டது யார் என்று அதில் தேடியிருப்பார்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நாளைய செய்தியில் ஒப்பந்ததாரர் பெயரைப் போட வேண்டும், அவர் இந்தப் பக்கங்களின் பொறுப்பாளருடைய தம்பி என்பதையும் போட வேண்டும், அந்தச் செய்தியைச் சென்னையிலிருந்தே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. பதில் இன்னும் வரவில்லை. போன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். போட்டால் அம்மா என் வாசலை மிதிக்க மாட்டாள். போடாவிட்டால் அந்த அப்பாவுக்கு நான் என்ன சொல்வேன்? போட்டாலும்கூட, முதல் நாள் மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டதும் நல்லவளாகிவிட்டாள் என்றுதான் பேசுவார்கள்.

பெயரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஓசூர்க்காரர் நம்ப மாட்டார், முனிராஜு நம்ப மாட்டார், என் தம்பியே நம்பவில்லை. ஒரு சொல்லும் கேட்காமல் நம்பியிருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான்டி.