ஒன்பதாம் நம்பர் அம்பாரம்

செப்டம்பர் 22, திங்கள்

வெயில். காற்றே இல்லை. ராமநாதபுரத்தில் ஏழு பத்து பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. இன்றைய நல்ல செய்தி அது ஒன்றுதான்.

புதன்கிழமை முதலாளிக்குக் காட்ட வேண்டும். "மூணு மாசம் பாப்போம், அப்புறம் நிரந்தரம்" என்று சொல்லி எடுத்தார். மூன்று மாதம் முடிய இன்னும் எட்டு நாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். உப்புக் கம்பெனியின் பதினான்கு நோட்டுகளையும் மூடிவிட்டு ஒரே டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். உப்பு பாத்தியை விட்டுக் கிளம்பியது முதல் பணம் வங்கிக்கு வந்து சேரும்வரை நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஓர் அம்புக்குறி. கல்லூரியில் படித்த வரிசை: ஆர்டர், அனுப்புதல், பில், வரவு. உப்பளம் இருக்கும் வாலிநோக்கத்துக்கு அந்த வரிசை பஸ் ஏறவே இல்லை போலிருக்கிறது.

உப்பைக் குவித்து வைக்கும் மேட்டில் மேஸ்திரி பூமிநாதனை உட்காரவைத்துக் கேட்டது:

– லாரி முதலில் வரும். ஆர்டர் பின்னால் போனில் வரும்.
– இங்கே ஓர் எடை. இறங்குகிற ஊரில் இன்னோர் எடை. வழியில் உப்பு தண்ணீர் விடும், எடை குறையும்.
– அந்த எடையைப் போனில் கேட்ட பிறகே பில்.

"அப்ப லாரியில போயிட்டிருக்கிற உப்பு யாரோடது அண்ணே?"

"ரோட்டோடது" என்றார். சிரிக்கவில்லை.

சார்ட் பேப்பரில் நான்காவது தடவையாகப் படம். 'ரோடு' என்று ஒரு பெட்டி போட்டேன். வேறு வழியில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் எரிகிறது.

ஊரிலிருந்து அய்யா போன். "ஏத்தா, அங்கிட்டு மேகம் எதுவும் கட்டுதா? இங்கன புழுதியில வெதச்சுப் போட்டு வானத்தப் பாத்துக்கிட்டு கெடக்கோம்." அவருக்கு மழை வேண்டும். கம்பெனிக்கு மழை ஆகாது. யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு வைத்தேன்.

வாங்க: தலைவலி மாத்திரை, நீல மார்க்கர், செருப்புக்குத் தையல்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மேடு முழுக்க அளந்தாயிற்று. நீளம், அகலம், உயரம். பதினோரு அம்பாரம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீட்டளவு உப்புக் குவியல். கண் கூசி, மதியத்துக்குப் பிறகு பார்த்ததெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. ஒன்பதிலும் பத்திலும் உச்சியில் குச்சி நட்டுத் துணி கட்டியிருந்தது. ஒன்பதில் ஊதாச் சேலைத் துண்டு. பத்தில் மூன்று கலர். 'காக்கை விரட்டவா?' என்று நோட்டில் எழுதினேன். மேஸ்திரி லாரிக்காரனோடு சண்டையில் இருந்தார். கேட்கவில்லை.

என் படத்தில் உப்பு மேட்டுக்கு வர ஒரே வழிதான். பாத்தியில் வாருவார்கள், வாரியது வாருதல் நோட்டில் ஏறும், பிறகு மேட்டுக்கு வரும். ஆகவே வாரியதில் விற்றதைக் கழித்தால் மேட்டில் இருப்பது வர வேண்டும்.

வரவில்லை.

மேட்டில் நாற்பத்தொரு டன் அதிகம். குறைந்தால் திருட்டு எனலாம், கரைந்தது எனலாம். அதிகமானால் என்ன சொல்வது? மூன்று தடவை கூட்டினேன். டேப்பை மாற்றினேன். நோட்டில் ஏதோ ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். அல்லது என் அளவு தப்பு. நாளைக்குக் காட்ட வேண்டும், இன்று சாயங்காலம் நான்கு மணி.

எதில் சேர்ப்பது என்று தெரியாததைப் போட்டுவைக்க 'சஸ்பென்ஸ்' என்று ஒரு தலைப்பு திறந்து நாற்பத்தொரு டன்னையும் அதில் தள்ளினேன். விளக்கம்: அளவு வித்தியாசம். உடனே எல்லாம் பொருந்திவிட்டது. திரையில் பச்சை டிக்.

பஸ்ஸில் வரும்போது போனில் மறுபடி கூட்டிப் பார்த்தேன். அதே நாற்பத்தொன்று.

செப்டம்பர் 24, புதன்

முதலாளிக்குப் பிடித்துவிட்டது!

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா இறந்த பிறகு இரண்டு வருடமாகத்தான் கம்பெனியைப் பார்க்கிறார். மதுரையில் வீடு. உப்பு மேட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நிற்பவர். தன் போனிலேயே இருப்பு தெரிகிறது என்றதும் குழந்தைபோல மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இவ்வளவு உப்பு இருக்கா நம்மகிட்ட? ரோட்டை ஒட்டி இருக்கிறது எது?"

"ஒன்பது, பத்து சார்."

"கணக்கு சரிதானே கார்த்திகா?"

"சரிதான் சார்."

என் எதிரிலேயே போன் போட்டு இரண்டு லோடு பேசி முடித்தார். வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். போகும்போது, "ஒண்ணாம் தேதி ஆர்டர் வாங்கிக்கங்க" என்றார். நிரந்தர ஆர்டர்!

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அழுதாள். அவள் சந்தோஷத்துக்கும் அழுவாள், சிலிண்டர் தீர்ந்தாலும் அழுவாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 'சரிதான் சார்' என்றதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

காலையிலிருந்தே மூட்டம். கடல் பக்கம் கறுப்பு. லோடு சீட்டைக் கொடுக்க மேட்டுக்குப் போனேன். ஒன்பதாம் நம்பருக்கு ஓலை போட்டுக்கொண்டிருந்தாள் ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கலாம். காலில் பழைய சாக்ஸ், அதன் மேல் ரப்பர் செருப்பு. கூலியாள் என்று நினைத்தேன்.

மேஸ்திரி சீட்டைப் படித்தார். திருப்பிப் படித்தார்.

"ஒம்பதும் பத்துமா? இது கம்பெனி உப்பு இல்லையேம்மா."

சீட்டை வாங்கி நானும் படித்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது. பக்கத்துப் பள்ளத்தில் சின்னச் சின்னக் குத்தகைப் பாத்திகள். புரட்டாசி பிறந்தால் அங்கே தண்ணீர் ஏறிவிடும். அதனால் அந்த உப்பைக் கம்பெனி மேட்டில் கொண்டுவந்து குவித்துக்கொள்வார்கள். வாடகை கிடையாது. பதிலுக்கு, மழை எப்போது வந்தாலும் அவர்கள் ஓடி வந்து கம்பெனி அம்பாரங்களுக்கும் ஓலை போட்டுக் கொடுக்க வேண்டும். அடையாளத்துக்கு அவரவர் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டுவது. பழைய முதலாளி காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

"எங்கிட்ட ஏன்ணே சொல்லல?"

"நீங்க வாருனது, வித்தது, எட, பில்லு எல்லாம் கேட்டீக. வச்சிருக்கது கேக்கலையே."

கேட்கவில்லை. 'காக்கை விரட்டவா?' என்று எழுதினேன், அவ்வளவு பெரிய அறிவாளி. காலேஜில் முதல் வகுப்பு வேறு.

ஓலை போட்ட அக்கா இறங்கி வந்தாள். பெயர் பாப்பாத்தி. ஒன்பதாம் நம்பர் முழுக்க அவளுடையது. இருபது டன் சொச்சம். பத்தாம் நம்பரில் வேறு மூன்று பேர்.

"எதுக்குத் தாயி வெல பேசுனாக? நான் கார்த்திகையிலதான குடுப்பேன். அப்பத்தான் வெல ஏறும். அடுத்த வருசக் குத்தகைக்கு இதத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். இது போச்சுன்னா பாத்தி வேற ஆளு கைக்குப் போயிரும்."

முதலாளிக்குப் போன். விஷயத்தைச் சொன்னேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பா எங்கிட்ட அப்படி எதுவும் சொன்னதில்லையே. ஏதாவது தாள் இருந்தா காட்டச் சொல்லுங்க. நாளைக்கு யார் வேணா வந்து எல்லா அம்பாரமும் என்னதும்பாங்க. வாங்குறவருக்கு வாக்குக் கொடுத்தாச்சு. நீங்கதானே கணக்கு சரின்னீங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்தொரு டன் எந்த நோட்டிலும் இல்லை சார், நான்தான் தள்ளி வைத்தேன் என்று. இரண்டு வாக்கியம். ஒன்றாம் தேதி ஆர்டர் கண் முன்னால் வந்து நின்றது. "சரி சார்" என்று வைத்துவிட்டேன்.

பாப்பாத்தியக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசிட்டு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். யாரிடம் பேசப் போகிறேன்?

பயந்தாங்கொள்ளி. என்னைத்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

தூறல். ஏழு பத்து பஸ் வரவில்லை. அடுத்தது எட்டு மணிக்கு. வழியெல்லாம் மேஸ்திரிக்குப் போன். எடுக்கவில்லை.

போய்ச் சேரும்போது ஒன்பதே கால். ஒன்பதாம் நம்பர் இல்லை. தரையில் வெள்ளையாக ஈரம், கலைந்த ஓலை. அவ்வளவுதான். லாரி ஏழு மணிக்கே கிளம்பிவிட்டதாம்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. "சீட்டுல என்ன போட்ருக்கோ அதத்தான அள்ளணும். டிரைவர் நம்பரக் காட்டுறான். நான் என்ன செய்ய?" பிறகு, "ரெண்டாவது லாரிக்குப் பத்த அள்ளல. கம்பெனி அம்பாரம் மூணுலருந்து ஏத்தி விட்டேன். வாங்குறவனுக்கு உப்பு போனாச் சரி, நம்பரா திங்கப் போறான்?" என்றார்.

பாப்பாத்தியக்கா எடைமேடை நிழலில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "என் ஓலையவாச்சும் மடிச்சு வச்சிருக்கலாம்ல" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் இல்லாத நாற்பத்தொரு டன், சஸ்பென்ஸ், துணி, எல்லாம். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாம ஒரு நம்பரை உள்ள சொருகியிருக்கீங்க. அதை நம்பி நான் வித்திருக்கேன். திங்கக்கிழமை ஆபீஸ்ல பேசுவோம். அதுவரைக்கும் சிஸ்டத்துல எதையும் தொடாதீங்க."

"அந்தக்கா உப்பு சார்?"

"தாள் இருக்கா?"

வைத்துவிட்டார். அவர் கோபத்தில் பாதி நியாயம். அதுதான் இன்னும் எரிகிறது.

மேஸ்திரி டீ வாங்கி வந்தார். "காசு எதுக்கு? உப்புக்கு உப்பு. கம்பெனி நாலாம் நம்பரு கிட்டத்தட்ட அதே அளவுதான். அத அவுக பேருக்கு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். முன்னாடி ரெண்டு தடவ இப்படி மாறி அள்ளி, இப்படித்தான் நேர் செஞ்சோம்."

"சார் தொடாதீங்கன்னாருண்ணே."

"அவரு சொன்னது எனக்கும் கேட்டுச்சு" என்று டீயைக் குடித்தார்.

அய்யா போன். அங்கே நல்ல மழையாம். "ஒனக்கு சந்தோசந்தானத்தா?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 27, சனி

வெளிவாங்கிவிட்டது. ஏழு பத்து பஸ் சரியாக வந்தது, இன்றைக்குப் பார்த்து.

பஸ்ஸில் கணக்கு போட்டுப் பார்த்தேன்:

– வேலை போனால் கையிருப்பு ஹாஸ்டல் வாடகைக்கு இரண்டு மாதம் தாங்கும்.
– ஹாஸ்டல் அட்வான்ஸ் திரும்ப வரும், பாதிதான்.
– அம்மாவிடம் சொல்வது எப்படி? (விடை இல்லை.)

எடைமேடை அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். அம்பாரம் பட்டியலில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன்: 'யாருடையது'. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மேட்டுக்கு உப்பு வர இரண்டாவது வழி ஒன்றும் படத்தில் போட்டேன்: 'வைக்கக் கொடுத்தது'. சஸ்பென்ஸைக் காலி செய்தேன். பத்தாம் நம்பருக்கு மூன்று பேர். நான்காம் நம்பருக்குப் பாப்பாத்தி.

கம்பெனி இருப்பில் நாற்பத்தொரு டன் இறங்கியது. முதலாளி போனிலும் அதே நிமிடம் இறங்கியிருக்கும்.

நான்கு ரசீது அச்சடித்தேன். மேஸ்திரி பூமிநாதன் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எடைமேடை முத்திரை. கீழே என் கையெழுத்து, பதவி, தேதி. பதவி இன்னும் இரண்டு நாளைக்கு இருக்கிறது, போடலாம்.

மூன்று பேர் வந்து வாங்கிப் போனார்கள். பாப்பாத்தியக்கா மட்டும் நேரே நான்காம் நம்பருக்குப் போய் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டாள்.

"கசக்குது. என் உப்பு இப்படி இருக்காது."

"கம்பெனி உப்பு அப்படித்தான்" என்றார் மேஸ்திரி.

"சரி, கெடக்கட்டும்." முந்தானையில் ஒரு துண்டு கிழித்தாள். இன்று பச்சைச் சேலை. குச்சியை அவளே நட்டாள்.

பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது. யார் என்று எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

ரசீதை நீட்டினேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். நேராகத் திருப்பிக் கையில் வைத்தேன்.

"என்ன போட்ருக்கு? வாசி தாயி."

வாசித்தேன். அம்பாரம் எண் நான்கு. அளவு, இருபது டன் ஐந்நூறு கிலோ. உடைமை, பாப்பாத்தி. வைக்கக் கொடுத்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எம்பேரு இருக்குற எடத்த மட்டும் இன்னொருக்க வாசி."

வாசித்தேன்.