ஸ்பிரிங் மாற்றியதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, நைனா

என் நைனாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பத்து மணிக்கு மேல் லைட் எரிந்தாலே திட்டுகிற ஆள் நீ. உன் பேத்தி மகி இப்போதுதான் தூங்கினாள். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். நாளைக் காலையில் சித்தப்பா கையெழுத்து வாங்கப் பேப்பரோடு வருகிறார். அதற்குள் உன்னிடம் பேசியாக வேண்டும்.

உன் ரிவால்வர் இப்போது வீட்டில் இல்லை. உன் காரியம் முடிந்த மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டோம். அதைச் சித்தப்பா பேருக்கு மாற்ற, ஆட்சேபணை இல்லை என்று அம்மாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனூர் ரயில் ஷெட்டில் அவர் பார்த்த கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது நைனா. சொந்தத் துப்பாக்கி இருந்தால் ஏடிஎம்முக்குப் பணம் கொண்டு போகிற வண்டியில் கன்மேன் வேலை, நீ பார்த்த அதே வேலை, தயாராக இருக்கிறதாம். "அண்ணன் சீட்டு, அண்ணன் துப்பாக்கி. எனக்கு இன்னா கொறச்சல்?" என்கிறார். பல மாதம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன்.

ஆனால் அவர் வாங்கப் போவது அவருக்குத் தெரிந்த துப்பாக்கி இல்லையே.

அது முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? நான் ஒன்பதாவது படித்தேன். குண்டை எல்லாம் எடுத்துவிட்டு, "இழுத்துப் பார்றா" என்று சித்தப்பாவிடம் கொடுத்தாய். ஒரு விரலால் முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, முகம் சிவந்து... "டேய், அது ட்ரிக்கருடா, கெணத்து வாளி இல்ல" என்றாய். அத்தோடு அவருக்கு வாளி என்றே பேராகிவிட்டது. உன்னைத் தவிர யாராலும் அந்த ட்ரிக்கரை இழுக்க முடியாது என்பது சேக்காட்டில் நம் தெருவுக்கே தெரிந்த கதை. நீயும் அதை யார் கேட்டாலும் சொல்வாய், கேட்காவிட்டாலும் சொல்வாய்.

பிறகு உனக்குச் சுகர் வந்தது. வலது கை ஆள்காட்டி விரல் காலையில் மடங்காது. மடங்கினால் நிமிராது. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதை அம்மா பார்த்திருக்கிறாள். "ஒண்ணுமில்ல, ராத்திரி கைமேல படுத்துட்டேன்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாய். ஒவ்வொரு நாளும் அவள் நம்பினாள். கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை சுட்டுக் காட்ட வேண்டுமே, அதற்கு ஒரு மாதம் இருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டாய்.

"கண்ணு, இதுல இருக்கிற ஸ்பிரிங்க கொஞ்சம் லேசா பண்ணித் தர முடியுமா?"

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். துப்பாக்கிக் கடையில் கொடுத்தால் முறையாகப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். "அங்க குடுத்தா கம்பெனிக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிருவான்" என்றாய். அதற்கு மேல் நான் ஏன் பேசவில்லை? சாம்பிள் ஒன்று கையில் இருந்தால் அம்பத்தூரில் சுற்றித் தர முடியாத ஸ்பிரிங் கிடையாது. அந்தத் தைரியம்தான் நம் புத்தியைக் கெடுத்தது.

பழைய ஸ்பிரிங்கைக் காட்டி, ஸ்டேப்ளர் மிஷினுக்கு என்று ஸ்பிரிங் சுற்றுகிற மாஸ்டரிடம் பொய் சொன்னேன். "ஸ்டேப்ளருக்கு இம்மாம் மெனக்கெடா? நீ நடத்தும்மே" என்று சிரித்துக்கொண்டே சுற்றிக் கொடுத்தார். நீ கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினாய். வெளியே வந்து, காலித் துப்பாக்கியைச் சுவரைப் பார்த்து ஒரே விரலால் இழுத்தாய். டக். உன் முகம் பத்து வயது குறைந்துபோனது. ஸ்பிரிங் பலம் குறைந்தால் சில நேரம் குண்டு வெடிக்காமலும் போகும் நைனா என்று சொன்னேன். "வெடிக்கறதுக்கா வச்சிக்கினு கீறேன்? வேலைக்கு வச்சிக்கினு கீறேன்" என்றாய். டெஸ்டில் ஒரு குண்டு வெடிக்கவே இல்லை. குண்டு பழசு என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தாய். அன்று ராத்திரி உன் தலைமேல் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கினாய். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக அம்மாவிடம்.

நான் காப்பாற்றினேன். உன் பதினாறாம் நாள் காரியத்தன்றும்கூட.

அன்று படையலுக்கு உனக்குப் பிடித்ததையெல்லாம் அம்மா எடுத்து வைத்தாள். கருவாட்டுக் குழம்பு, யூனிபார்ம் சட்டை, ரேடியோ. திடீரென்று பீரோவைத் திறந்து ரிவால்வரையும் கொண்டுவந்து உன் போட்டோ முன்னால் வாழையிலை ஓரத்தில் வைத்துவிட்டாள். "என்னைவிட அவருக்கு இதான புடிக்கும்" என்றாள். எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். சித்தப்பா குண்டுகளை எடுத்து எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு எல்லோருக்கும் பயம் போய்விட்டது. அந்த ட்ரிக்கரை யாராலும் இழுக்க முடியாதே. நானும் சும்மா இருந்தேன் நைனா. அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. கற்பூரம் காட்டுகிற நேரத்தில் மகியைக் கவனிக்கவில்லை.

அவள் இரண்டு கையாலும் அதைத் தூக்கியிருந்தாள். எதிரே அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். டக்.

வெறும் சத்தம்தான். யாருக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் சித்தப்பா கத்தினார்: "யப்பா! நாலு வயசுடா! நானே இழுக்க முடியாதத இது இழுத்துச்சு பாரு! அண்ணன் எறங்கிட்டாருடா!" அம்மா ஓடிவந்து மகியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "வந்துட்டியா? என்னை விட்டுட்டுப் போவ மாட்டன்னு எனக்குத் தெரியும்யா" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பதினாறு நாளில் அன்றைக்குத்தான் அம்மா ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

நான் துப்பாக்கியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இறங்கியது நீ இல்லை. இறங்கியது நான் சுற்றி வாங்கி வந்த ஸ்பிரிங். சித்தப்பா ஒரு குண்டை எண்ணாமல் விட்டிருந்தால்? மகியின் நகம் வெட்ட உட்கார்ந்தால் ட்ரிக்கரை இழுத்த அந்த விரல்தான் கண்ணில் படுகிறது. ஒரு விரலுக்கு மேல் வெட்ட முடியாமல் வைத்துவிடுகிறேன்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் மகியிடம் குறி கேட்காத குறைதான். அம்மா அவளை "யோவ்" என்று கூப்பிடுகிறாள். தட்டில் முதல் கவளம் அவளுக்குத்தான். மகியும் தாத்தா மாதிரியே காலை ஆட்டிக்கொண்டு உட்காருகிறாள். நேற்று கேட்டாள், "ஆயா, என் துப்பாக்கி எப்ப வரும்?" "வாளித் தாத்தா எடுத்தாருவாரு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சித்தப்பா வீட்டிலும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்கு எதையும் இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் போட்டுவிடுகிற பழக்கம். இழுத்தால் வராது என்று நம்பித்தானே போடுவார்? வண்டியில் நிஜமாகவே எவனாவது வந்து நின்றால், வெடிக்கும் என்று நம்பித்தானே இழுப்பார்? இரண்டும் பொய். இரண்டும் நீயும் நானும் சேர்ந்து செய்த பொய்.

அதனால் உன் தலைமேல் அடித்த சத்தியத்தை உடைக்கப் போகிறேன். சித்தப்பா மாடிப்படி ஏறும்போதே நிறுத்தி, பேனாவைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். கடையில் பழையபடி கெட்டியான ஸ்பிரிங் போட்டு, பரிசோதித்து எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து. உன் விரல் மடங்காததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதையும் சொல்வேன். இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கோபித்துக்கொண்டாலும் சரி.

அம்மா விஷயம்தான் எனக்குத் தெரியவில்லை. அவளிடம் சொன்னால் நீ இரண்டாவது தடவை செத்துப்போவாய். சொல்லாவிட்டால் மகி துப்பாக்கியைப் பார்த்த இடத்தில் எல்லாம் கை நீட்டுவாள், அம்மாவே எடுத்துக் கொடுப்பாள். நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்தவன் நீ. எதை அவளால் தாங்க முடியும் என்று உனக்குத்தான் தெரியும். நான் சொல்லட்டுமா, வேண்டாமா? எப்படியாவது சீக்கிரம் பதில் சொல்லு நைனா.

உன் ஒரே பொண்ணு,
மகியின் அம்மா,
கலை