எண்ணிக்கையில் சேராதவள்

சித்தி,

இன்று காலை வாளியை இழுத்ததும் கிணற்றுத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. சுகாதார இலாகா ஆள் மருந்து கரைத்துவிட்டுப் போயிருக்கிறான். தென்காசியில் மறுபடியும் காலரா. குற்றாலத்தில் சாரல் நின்றபாடில்லை. குளிக்க வரும் கூட்டமும் குறையவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டேன். ஒன்பது வயதில் நான் பார்த்த அதே நிறம்.

அந்த வருஷம் நம் தெருவில் வரிசையாகச் சாவு. ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் எரிகோ பட்டணத்துக் கதையை வாசித்தார். தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவற்றில் ஒருவன் ஒரு சால்வையும் வெள்ளியும் பொன்னும் எடுத்துக் கூடாரத்து மண்ணுக்குள் புதைக்கிறான். அவன் ஒருவனுக்காக ஜனம் முழுவதும் போரில் தோற்கிறது. சீட்டுப் போட்டு அவனைக் கண்டுபிடித்து, அவனோடு அவன் மகன்களையும் மகள்களையும் ஆடுமாடுகளையும் கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்லுகிறார்கள். வேதத்தை மூடிவிட்டு உபதேசியார் கேட்டார்: “நம்ம தெருவுல அது எந்த வீட்டுல இருக்கு?”

மகள்கள் என்ற சொல்லிலேயே எனக்கு உடம்பு சில்லிட்டிருந்தது. நம் பெட்டியின் அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பெற்றவள் இறந்தபின், அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர் நீங்கள். அன்றோடு உங்களைத் தலைமுழுகிய உங்கள் அம்மை, அந்த ஆனியில் கடையத்திலிருந்து குற்றாலத்துக்கு வந்தார். அருவி இரைச்சலில் ஒன்றும் பேச முடியாமல், சிவன் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை உங்கள் கையில் திணித்துவிட்டு அழுதார். நீங்கள் அதைப் பூசவில்லை, எறியவும் இல்லை.

மறுநாள் வீடு வீடாகப் பெட்டிகளைத் திறந்துகொண்டு வந்தார்கள். உபதேசியார் மனைவிதான் முதலில் நுழைந்தார்.

“கடையத்துக்காரி, பெட்டியத் தொறட்டி.”

“பழஞ்சேலையும் பாச்சை உருண்டையுந்தான் மதினி. வேணுமின்னா நீங்க ஒண்ணு எடுத்துக்கிடுங்க” என்று சிரித்தீர்கள். உங்கள் கை மட்டும் என் தோளை நசுக்கிக்கொண்டிருந்தது.

பொட்டலம் வெளியே வந்தது. சுவரோரம் நின்ற அப்பா நிமிரவேயில்லை. “இவளும் இவ பிள்ளைகளும் இனி கோயிலுக்கும் வரப்பிடாது, கிணத்துக்கும் வரப்பிடாது” என்றார் உபதேசியார். அடுத்து கல்லெடுப்பார்கள் என்றே நான் நம்பினேன். கால்வழியே சிறுநீர் இறங்கியது.

நீங்கள் என் தோளிலிருந்து கையை எடுத்தீர்கள்.

“இவ எம்பிள்ள இல்ல அய்யா. மூத்தா மக. இவள என்கூடச் சேக்காதிய.” இடுப்பிலிருந்த தம்பியை இறுக்கிக்கொண்டு, “இவன் மட்டுந்தான் எனக்கு” என்றீர்கள்.

மூத்தாள் மகள் என்று தெருவில் யாராவது என்னைச் சொன்னால் சண்டைக்குப் போகிறவர் நீங்கள்.

அன்று மாலையே தம்பியோடு கடையத்துக்கு வண்டி ஏறினீர்கள். போன இடத்தில் அவனுக்கும் வாந்தியும் பேதியும் கண்டது. தம்பி இறந்தான். இங்கே சாவு நிற்கவில்லை. ஆனால் யாரும் வேறு பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு அப்பா உங்களை அழைத்துவந்தார். போன தையில் நீங்கள் கண்மூடும்வரை நாம் இருவரும் அதைப் பேசியதேயில்லை.

தகப்பன் குற்றத்தைப் பிள்ளை சுமக்க வேண்டியதில்லை என்று அதே வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி சொல்லுகிற இடத்தை வெகுநாள் கழித்துக் கண்டுபிடித்து அழுதேன். பின்பு எரிகோ கதைவரை பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். அந்தப் பிள்ளைகள் அங்கேயே கற்களுக்கடியில் கிடந்தார்கள். இவர்கள் என் பிள்ளைகள் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு யாரும் இருக்கவில்லை. இரண்டையும் பேசியவர் ஒரே கடவுள். அவரிடம்தான் நானும் ஜெபிக்கிறேன், பயத்தோடு.

நேற்றுச் சபைக் கூட்டத்தில் புது உபதேசியாரும் வீடுகளைச் சோதிக்க வேண்டும் என்றார். கடையத்துக்காரி இருந்த வீடு என்று யாரோ நம் வீட்டைச் சொன்னார்கள். பழைய உபதேசியார் மனைவி, இப்போது தள்ளாத கிழவி, என் மேலுள்ள பிரியத்தால் குறுக்கிட்டார்: “இவ மூத்தா மகல்லா! அவளுக்கும் இவளுக்கும் என்னய்யா இருக்கு? இந்தப் பிள்ளைய விட்டுருங்க.”

எல்லோரும் தலையசைத்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“நான் கடையத்துக்காரி மகதான்” என்றேன்.

கிழவி என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக் காலை முதலில் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்களாம். அப்பா கதவைத் தாழ்போடச் சொல்கிறார். நான் திறந்துதான் வைக்கப்போகிறேன். பயமாக இருக்கிறது, சித்தி.