நெஞ்சளவு எடுத்த நாள்

நண்பா,

எதிர்வீட்டில் மதில் கட்டுகிறார்கள். காலையில் ஈரச் சிமெண்டு வாசம் மூக்கில் ஏறியதும், செத்துப்போன நீ எழுந்து வந்துவிட்டாய்.

நெய்வேலியில் பிளாக் பிளாக்காக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நாம் இருவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள், ஒரே அறைவாசிகள். பர்மனென்ட் ஆக மெடிக்கல் தேற வேண்டும், டாக்டர் நெஞ்சளவு எடுப்பார் என்றார்கள். என் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஊரில் அப்பா படுத்த படுக்கை. தேறாவிட்டால் தொலைந்தேன்.

நீதான் கொத்தனாரிடம் மிச்சச் சிமெண்டு கேட்டு வாங்கினாய். பால்பவுடர் டப்பாக்களில் அதை ஊற்றி, குழாய்த்துண்டின் இரு முனையிலும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, அப்படியே ஒரு ஜோடி டம்பெல் செய்தாய். ஷிப்ட் முடிந்து வந்து, பலகையில் மல்லாந்து படுத்து, இரண்டையும் விருட்டென்று தூக்கி மேலே ஒன்றோடொன்று மோதவிட்டேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"இன்னாடா, கோயில் மணியா அடிக்கிற?" என்று கத்தினாய். "முழங்கைய லேசா மடக்கி வச்சிக்கினு, மெதுவா ரெண்டு பக்கமும் எறக்கு. தோளுக்குக் கீழ போவாத. ஏத்தறப்ப நெல்லு கொட்டி வைக்கிற குதிர ரெண்டு கையாலயும் கட்டிப் புடிக்கிற மாரி கொண்டா. கைக்கு வேல குடுக்காத, நெஞ்சுக்குக் குடு."

இறக்கும்போது மூச்சை இழுக்க வேண்டும், ஏற்றும்போது விட வேண்டும். மறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டால் வயிற்றில் உன் குத்து விழும். எத்தனை பொறுமையடா உனக்கு!

மெடிக்கல் அன்று அத்தனை பேரும் வரிசையிலேயே நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நின்றார்கள். பெருத்த நெஞ்சுக்குத்தான் வேலை என்று நினைப்பு. மூச்சை விட்டபோது எவ்வளவு, இழுத்தபோது எவ்வளவு, அந்த வித்தியாசத்தைத்தான் டாக்டர் பார்ப்பார் என்பது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"காத்த புல்லா வெளிய வுட்டுட்டு அப்பால இழுங்கடா!" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாய்.

பின்னால் நின்றவன் பல்லைக் கடித்தான். "இருக்கிறதே கொஞ்சம் வேலை. ஊருக்கெல்லாம் ஏன் சொல்றே?"

"அவனுங்களுக்கும் வூடு வாசல் இருக்குது இல்ல?"

நான் தேறினேன். நீ தேறவில்லை. சிறுவயதில் வந்த நெஞ்சுச் சளி உன் மூச்சைக் குறுக்கியிருந்தது. அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் எனக்காக அத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாய்.

அன்று சாயங்காலம் டீக்கடையில், "எங்காளு பர்மனென்ட் ஆயிட்டான்!" என்று கூவினாய். உன் முகத்தில் வாட்டம் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. பிறகு நீ பண்ருட்டியில் சைக்கிள் கடை வைத்து நன்றாகத்தான் வாழ்ந்தாய்.

நான் ஆசைப்பட்டது பக்கத்திலிருப்பவனுக்குக் கிடைத்தால் இன்றும் என் மனசு சுருங்கத்தான் பார்க்கிறது. அப்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொண்டு, முதல் ஆளாய்ப் போய் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.