கண்ணோரத்து மஞ்சள்

அன்புள்ள அக்கா,

நம் நர்சிங் கல்லூரி வரலாற்றில் திருப்புமுனையான முடிவு ஒன்று எடுக்கப்பட்டுவிட்டது. உன் படம் மாட்டிய ஆணியை அலுவலகச் சுவரிலிருந்து பிடுங்கி, இரண்டாம் ஆண்டு வகுப்பறையில் அடிப்பதென்று கமிட்டி கூடி, டீயும் சமோசாவும் முடித்து, ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்த இடத்தில் ஏசி வருகிறதாம்.

நீ தொடங்கிய ஓவிய வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். ஓர் ஓவியத்தை மாட்டி, பேசாமல் பார்க்கவைத்து, அப்புறம் உன் இரண்டே கேள்விகள்: என்ன தெரியுது? எதை வெச்சு சொல்ற? பிரின்சிபல் இன்னமும் இதை ‘சினிமா பீரியட்’ என்றுதான் சொல்கிறார்.

போன வாரம் மாலையைக் கழற்றிவிட்டு, உன்னை வரைந்த அந்தப் படத்தையே பார்க்கச் சொன்னேன். நீ போன பிறகு சேர்ந்த பிள்ளைகள். நீ யாரென்று தெரியாது. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் உன் முகத்தில் எப்போதும் அழித்துவிடுவதை இந்த ஓவியர் அழிக்காமல் வரைந்திருக்கிறார்.

முதலில் புடவை, சிரிப்பு என்றார்கள். வெளியே கன்டெய்னர் லாரி போய் ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. பென்னலூர் கௌசல்யா எழுந்தாள். படிக்க வருமுன் செல்போன் கம்பெனியில் கண்ணாடியில் கீறல் தேடும் வேலை பார்த்தவள்.

“கண்ணோரமா மஞ்சளா மேடு கீது மேம், ரெண்டு கண்ணுலயும். கொழுப்பு ஏறுனா இப்டி வரும். இவங்களுக்கு ஹார்ட்டு பாத்தாங்களா?”

நம் வீட்டில் அதற்கு லட்சுமிக் கண் என்று பெயர். அப்பாவுக்கும் இருந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மாதிரியேதான் நீயும் காலேஜ் பஸ்ஸில் சாய்ந்தாய். ஒரே வீட்டில் இரண்டு நர்சுகள்; அதன்மேல் பவுடர் பூசி அழகு பார்த்தோம்.

வகுப்பு முழுக்க உன் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, ஒவ்வொருத்தியாக என்னைப் பார்த்தது. மறுபடி உன்னை. மறுபடி என்னை. நான் பாடம் நடத்துகிறேனா, சுவரில் தொங்குகிறேனா என்று ஒரு கணம் விளங்கவில்லை. “எதை வெச்சு சொல்ற?” என்று யாரோ கேட்டார்கள். உன் குரல். அசைந்தது என் வாய்தான் போலிருக்கிறது.

“உங்கள வெச்சுதான் மேம்.”

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இது பரம்பரையாக வருவது என்று வீட்டில் எல்லாரையும் கூட்டி வரச் சொன்னார். உன் மகளைத் திங்கட்கிழமை அவள் ஷிஃப்டுக்கு முன்னால் வெறும் வயிற்றில் நானே கூட்டிப்போகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு, அக்கா. நேற்று அவளைப் பவுடரைத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்கச் சொன்னேன்.

இடது கண்ணில் தொடங்கியிருக்கிறது.

உன் கண்களே உள்ள தங்கை,
மாலதி