சீபவைஹியின் ஒரு வரி

பெப்ரவரி 6, 2024
என் முனைவர் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் வென்ட் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்துவிட்டார். சீபவைஹி என்ற பாரசீகர் எட்டாம் நூற்றாண்டில் எழுதிய அரபு இலக்கணம் பின்னால் வந்த எபிரேய இலக்கணக்காரரை எப்படிப் பாதித்தது என்பதுதான் என் ஆய்வு. அந்த இலக்கணத்தின் ஒரு வரியை வென்ட் தன் புத்தகத்தில் பிழையாக விளங்கியிருக்கிறார். அதைத்தான் எழுதியிருந்தேன். "உங்கள் தாய்மொழி தமிழ் அல்லவா?" என்றார். சீபவைஹியின் தாய்மொழியும் அரபு இல்லை. வாய் வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை?

பெப்ரவரி 8
எங்கள் துறையில் அரபு கற்பிக்கும் நபீல், டமாஸ்கஸ்காரர், அந்த வரியைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார். "நீங்கள்தான் சரி, மிதுசா." நிம்மதி.

பெப்ரவரி 15
கருத்தரங்கு. எல்லார் முன்னாலும் வென்ட் அந்த வரியைக் காட்டி நபீலைக் கேட்டார்: "அரபு உங்கள் மொழி. நீங்களே சொல்லுங்கள்." நபீல் மேசையைப் பார்த்தபடி, "பேராசிரியர் சொல்வதுதான் சரி" என்றான்.

போன கிழமை என்ன சொன்னவன் இவன்?

சீபவைஹிக்கும் இப்படி நடந்ததாக ஒரு கதை உண்டு. பக்தாதில் ஒரு சொல்லைப் பற்றி வாதம். வாசலில் நின்ற பாலைவன அரபிகளைச் சாட்சிக்குக் கூப்பிட, அவர்கள் எதிராளி சொன்னதுதான் சரி என்றார்களாம். விலைக்கு வாங்கிய சாட்சி என்பார்கள். மனிதர் ஊரைவிட்டுப் போய் இளவயதிலேயே செத்துப்போனார்.

நான் சாகமாட்டன்.

பெப்ரவரி 16
அம்மா போனில்: "அவர் சொல்லுறமாதிரி எழுதிக் குடுத்திட்டு முடியன், பிள்ளை."
ஏலாது எண்டிட்டன்.

மார்ச் 1
துறையில் என் வேலை ஒப்பந்தத்தை நீட்டவில்லை. நபீலுடையதை நீட்டியிருக்கிறார்கள். அவன் படிக்கட்டில் என்னை மறித்து, "வேலை போனால் விசாவும் போகும், மிதுசா. எனக்குக் குடும்பம் இருக்கு" என்றான். பொய்யில்லை, தெரியும். அதுக்காக வெறுக்கக்கூடாதோ? நல்லாய் வெறுக்கிறன்.

மார்ச் 4
அத்தியாயத்தை வேறொரு நகரத்துப் பேராசிரியைக்கு அனுப்பினேன் — ஒரு எழுத்தும் மாற்றாமல்.

மார்ச் 20
"வாருங்கள், பேசுவோம்" என்று பதில் வந்திருக்கிறது. வென்ட்டுக்குச் சொல்லாமலே மேசையைக் காலிசெய்தேன்.

ஜூன் 12, 2025
அந்தப் பேராசிரியையிடமே ஆய்வை முடித்து, இன்று வாய்மொழித் தேர்வும் முடிந்தது. பட்டம் கிடைத்துவிட்டது. அம்மா வந்திருந்தா. கடைசி வரிசையில் நபீல் — இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிறான். வெளியே வந்ததும் வாழ்த்தினான். கோப்பி குடிப்போமா என்றான். வேண்டாம் என்று அரபியில் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

"ஆர் பிள்ளை அவர்?" எண்டா அம்மா.

"தெரியாது."