கிடேரிக்கு வாங்கிய மணி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

வெதுருகுப்பத்தில் லோகம்மாவின் பசு இன்று காளைக் கன்று போட்டது. கிடேரிதான் பிறக்கும் என்று சொல்லிச் சினை ஊசி போட்டவன் நான். என்னை நம்பிக் கன்றுக்கு மணிகூட வாங்கி வைத்திருந்தாள்.

போன தையில், பெண் கன்றுக்கான உறைவிந்துக் குச்சியை வெந்நீரில் போட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். அது உருக அரை நிமிடம் போதும். வெகுநேரம் கிடந்து கெட்டுப்போனது. அந்த வகையில் வேறு குச்சி இல்லை. சாதாரணக் குச்சியைப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

இன்று சொல்லிவிடத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உன் மேல தப்பு இல்ல தம்பி. எனக்குத்தான் ராசி இல்ல. வூட்டுக்காரர் போனதுல இருந்து எதுவும் கூடி வரல. இன்னொரு மாடு ஆவும்னு பாத்துக்கினு இருந்தேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கன்றின் தொப்புளுக்கு மருந்து தடவினேன். கிளம்பும்போது மணியை என் பைக்குள் போட்டாள்.

"நீ ஊசி போடற வூட்ல கெடேரி பொறந்தா கட்டிடு."

புத்தூரில் என் வீடு வரை வண்டியில் அது அடித்துக்கொண்டே வந்தது. இப்போது துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.